கை கனத்தால் நிறுத்து

40 கூடுகள் ஒரே சீராக ஏறி இறங்கின. 41ஆவது கூட்டுக்குக் கைப்பிடி கனத்தது. இவ்வளவு நேரம் நன்றாகத்தானே போனது என்று உடம்பைச் சாய்த்து அழுத்தினேன். மேலே ஏறிவிட்டது, இறங்க மறுத்தது. கைப்பிடியை ஓங்கித் தூக்கியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு கையில் கனமே இல்லை. குனிந்து பார்த்தேன். பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பில் நகத்தளவு துண்டு பிய்ந்து கிடந்தது. மிச்சக் கூடு எஃகு டைக்குள் அறைந்த ஆப்பு மாதிரி இறுகியிருந்தது.

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜ் அது. வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கூடு எவ்வளவு தூரம் உள்ளே போனபோது கை கனத்தது என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தோட்டா மறுநிரப்பும் பிரெஸ்ஸைப் பழுதில்லாமல் வைத்திருக்கத் தெரியும் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப்போல் பதிந்த பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் தீர்ந்துவிடும். கூடு மட்டும் கைக்குத் திரும்பும். நான்கிலும் செய்வதற்குக் கடினமானது அதுதான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் விளையாட்டு வீரர்களும் அந்தக் கூட்டை எடுத்து, பழைய பிரைமரைத் தள்ளி, அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். கனெக்டிகட்டில் ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடுக்கி மாதிரி கையில் பிடித்து அழுத்தும் சிறு கருவியை இதற்காக விற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுகள் கிடைக்காமல் போனபோது, கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன் குண்டு செய்யும் அச்சுகளை உருவாக்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் ஆர்சிபிஎஸ் நிறுவனம். இந்தியாவில் இது வீட்டில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். ஆனால் இந்தப் பிரெஸ்ஸுக்குள் நடக்கும் உலோக அறிவியல் எந்தப் பட்டறைக்கும் பொதுவானது.

.308 வின்செஸ்டர் என்ற வேட்டைத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். சுடும்போது அதற்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம் என்பது அமெரிக்க உற்பத்தியாளர்கள் வகுத்த வரம்பு. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 சொச்சம். அந்த அழுத்தத்தில் கூடு பலூனாக விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் வடிந்ததும் கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. முழுக்கப் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. அந்த மிச்ச வீக்கத்தை அமுக்குவதுதான் பிரெஸ்ஸின் முதல் வேலை. கூட்டின் அடிவிளிம்பை ஷெல் ஹோல்டர் என்ற பிடிப்பான் கவ்விக்கொள்ளும். அதைத் தாங்கிய உருளைத் தண்டு, ராம் என்பார்கள், கூட்டை மேலே தூக்கி, டை என்ற எஃகு அச்சுக்குள் செலுத்தும்.

கைப்பிடிக்கும் ராமுக்கும் நடுவில் இருப்பது முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் இணைப்பு. நின்றுபோன காரைப் பின்னால் முதுகு கொடுத்துத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும்போது கால் தள்ளாது. கிட்டத்தட்ட நிமிர்ந்த நேரத்தில்தான் வண்டி நகரும். இரண்டு சம நீளக் கைகள் கொண்ட மூட்டின் நடுவே அழுத்துவதாகக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கையும் நேர்கோட்டிலிருந்து 45 டிகிரி விலகியிருக்கையில் கொடுத்த விசையில் பாதிதான் மறுமுனைக்குக் கிடைக்கும். 5 டிகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 6 மடங்கு. 1 டிகிரியில் 28 மடங்குக்கும் மேல். நேராகும் அந்தக் கணத்தில் உராய்வும் உலோகத்தின் நெகிழ்வும்தான் எல்லை. 19ஆம் நூற்றாண்டின் கை அச்சு இயந்திரங்கள் சிலவும் இதே மூட்டால்தான் காகிதத்தில் மையைப் பதித்தன.

இந்தப் பெருக்கம் நம் கையை ஏமாற்றும். உள்ளே பித்தளை கிழிந்துகொண்டிருக்கும் அளவுக்கு விசை போய்க்கொண்டிருந்தாலும், கையில் தெரிவது கொஞ்சம் கூடுதல் கனம் மட்டுமே. அதனால்தான் எந்த இடத்தில் கனத்தது என்ற கேள்வி. கூடு நுழைந்ததுமே கனத்தால் வாய் நசுங்கியிருக்கலாம், அல்லது வேறு அளவுக் கூடு கலந்திருக்கலாம். பாதி வழியில் இழுத்துப் பிடித்தால் மசகு போதவில்லை. மேலே போய்ச் சேரும் கடைசி இழையில் கனத்தால் டை தேவைக்கு மேல் இறக்கி மாட்டப்பட்டிருக்கிறது. பிரைமரைத் தள்ளும் ஊசி ‘கடக்’ என்று எதிலோ முட்டினால் உள்ளே சிறு கல்லோ, கூட்டைக் கழுவப் போட்ட எஃகு ஊசியோ தங்கியிருக்கும், இல்லையென்றால் அது பெர்டான் கூடு.

இந்தப் பெர்டான் விஷயத்தில் ஒரு விந்தை உண்டு. 1860களில் அமெரிக்கரான ஹிராம் பெர்டான் ஒரு வகைப் பிரைமரையும், இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் இன்னொரு வகையையும் உருவாக்கினார்கள். பாக்ஸர் கூட்டில் நெருப்பு போகும் துளை ஒன்றே ஒன்று, நட்டநடுவில். மேலிருந்து ஓர் ஊசியை விட்டால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டான் கூட்டில் துளைகள் ஓரமாக இருக்கும். நடுவில் திடமான பித்தளை மேடு. காலப்போக்கில் ஐரோப்பியப் படைகள் அமெரிக்கரின் முறையை வைத்துக்கொண்டன, அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் மறுநிரப்பல் வீட்டு வேலையாகப் பரவ அந்த நடுத்துளை பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுப் பெர்டான் கூடு ஒன்று கலந்திருந்து, கையில் தெரியும் கனத்தைப் பொருட்படுத்தாமல் அழுத்தினால், ஊசி உடையும். டார்ச் அடித்துக் கூட்டுக்குள் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

டையை எவ்வளவு இறக்கி மாட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். டைகளின் மரை பெரும்பாலும் ஒரே அளவு: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.81 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் வழக்கமான வேட்டைத் துப்பாக்கிக்கு, சுட்ட கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் 2 பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர். மெல்லிய தலைமுடியின் தடிமன். இதற்கு டையை 10 டிகிரி திருப்பினால் போதும். கடிகாரத்தில் நிமிட முள் 2 நிமிடத்துக்கு நகரும் தூரம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்று திருப்பினால் 0.45 மில்லிமீட்டர் போய்விடும்.

அதிகமாகத் தள்ளினால் என்ன ஆகும்? தோளுக்கும் துப்பாக்கி அறைக்கும் நடுவே இடைவெளி விழும்; ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு அதை நிரப்ப நீளும். நீள்வது அடிப்பகுதிக்குச் சற்று மேலேதான். அங்கே சுவர் மெலிந்து மெலிந்து ஒருநாள் கூடு இரண்டாகப் பிரியும். பெரியவர் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் லேசாக வளைத்து வைத்திருந்தார். அதைக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மெதுவாக மேலே இழுக்கச் சொன்னார். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றைக் கொடுத்தார். அடியிலிருந்து கொஞ்சம் மேலே கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கியது. வெளியே அதே உயரத்தில் பளபளவென்று மெல்லிய வளையம். அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டார், யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று.

அளவு சரியாக வைத்த டையும் ஏமாற்றும், ஏனென்றால் பிரெஸ்ஸே நீளும். எஃகோ வார்ப்பிரும்போ, விசை வந்தால் துளியாவது நெகிழும். அதே வடிவத்தில் அலுமினியத்தில் செய்தால் எஃகைப்போல ஏறத்தாழ 3 மடங்கு நெகிழும். ‘C’ வடிவச் சட்டம் விசையில் வாய் பிளக்கும்; டை ஒரு பக்கம் சாயும். ‘O’ வடிவச் சட்டம் இரு பக்கமும் ஒன்றுபோல் நீள்வதால் சாய்வு வராது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூடு இல்லாமல் ராமை உச்சிக்கு ஏற்றினால் ஷெல் ஹோல்டர் டையின் அடியில் முட்டி நிற்கும். கூட்டை வைத்து ஏற்றி, பின்னால் டார்ச்சைப் பிடித்தால், சில சமயம் இரண்டுக்கும் நடுவில் முடியிழைபோல் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். பிரெஸ் நீண்டதன் அளவு அது. அந்தக் கோடு தெரிந்தால் தோள்பட்டை முழுக்கத் தள்ளப்படவில்லை என்று பொருள். டையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரெஸ்ஸை மேசையோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளையும், இணைப்புப் பின்களில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் சரி, நேற்று வைத்த அளவுதான், இன்றைக்கு மட்டும் கூடுகள் துப்பாக்கியில் இறுக்கமாக நுழைகின்றன. இந்தப் புகாரில் பிரெஸ்ஸைப் பிரித்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அநேகமாகப் பித்தளையில் இருக்கும்.

தோட்டாக் கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வளைக்க வளைக்கக் கடினமாவது அதன் குணம். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடித்தவர்கள் அறிவார்கள்: மூன்றாவது மடிப்புக்கு முதல் மடிப்பைவிட அதிக பலம் தேவைப்படும். ஒவ்வொரு சுடுதலும் ஒவ்வொரு அமுக்குதலும் கூட்டுக்கு ஒரு மடிப்பு. கடினமான பித்தளை அமுக்கினாலும் எகிறித் திரும்பும். டைக்குள் சரியான அளவில் இருந்தது வெளியே வந்ததும் சற்றுப் பெரிதாகிவிடும். ஐந்தாறு முறை சுட்ட கூடும் புதுக் கூடும் கலந்திருந்தால், ஒரே டையிலிருந்து இரண்டு அளவு வரும். பாத்திரக் கன்னார்கள் தட்டிக்கொண்டே வந்து நடுநடுவே நெருப்பில் காட்டி ஆறவிடுவது இந்தக் கடினத்தைப் போக்கத்தான். கூட்டுக்கும் அதே வைத்தியம் உண்டு, ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். அடிப்பகுதியில் வெப்பம் ஏறி அது இளகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்காது. அப்படிப்பட்ட கூடு சுடுபவரின் முகத்துக்கு முன்னால் இருக்கும் ஆபத்து. அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சாயம் ஓடியிருக்குமே, அது இந்த வாட்டலின் தடம். அழுக்கு என்று தேய்க்க வேண்டியதில்லை.

இந்த அறிவில் ஒரு பகுதி நம் மழைக்காலத்திலிருந்து போனது. பிரிட்டிஷ் இந்தியாவில் படையினரின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத கூடுகளில் விரிசல். பருவம்தோறும் வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்றில் கலந்து, உருவாக்கும்போதே கூட்டுக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து, பித்தளையைப் பிளந்திருக்கிறது. இறுக்கம் மட்டும் இருந்தாலோ அம்மோனியா மட்டும் இருந்தாலோ இப்படிப் பிளக்காது. மிதமான சூட்டில் வாட்டி இறுக்கத்தைப் போக்கியதும் தொல்லை அடங்கியது. பாத்திரம் துலக்கும் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூடுகளில் தொடவே கூடாது என்று இன்று சொல்வதன் வேர் அந்த லாயங்களில் இருக்கிறது.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய எதிரி, தள்ளி விழும் பழைய பிரைமரின் கரி. ஈய, பேரியச் சேர்மங்களும் ஆண்டிமனி சல்பைடும் எரிந்த அந்தத் தூள் மணல்போல் சொரசொரப்பானது. அது நேராக ராமின் மேல்தான் விழுகிறது. அங்கே தாராளமாக எண்ணெய் விட்டிருந்தால் இரண்டும் குழைந்து, என்ஜின் வால்வு தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்டாகவே மாறிவிடும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ராமையும் அதன் துவாரத்தையும் அரைக்கும். ஆகவே முதலில் துணியால் துடைக்க வேண்டும், பிறகு ராமில் மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு, இணைப்புப் பின்களில் கொஞ்சம் கிரீஸ், வழிந்ததை மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு பிரைமரையோ மருந்தையோ தொடக் கூடாது. மருந்து அளக்கும் குடுவைக்குள் எண்ணெய் போகவே கூடாது. அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அந்தக் கரியில் ஈயம் இருப்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கவலை அதிகம். பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. அந்த மேசையில் டீக்கோப்பை இருக்கக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகள் தவழும் வீட்டுக்குள் அந்தச் செருப்போடு நுழையக் கூடாது.

கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெளியே வரும் பிரெஸ்களும் உண்டு. சுழலும் தட்டில் நான்கைந்து கூடுகள் நிற்கும். ஒன்றுக்கு அளவு, அடுத்ததற்கு மருந்து, அதற்கடுத்ததற்குக் குண்டு என்று எல்லாம் ஒரே அழுத்தில் நடக்கும். வேகம் அருமையானது. ஆனால் நான்கைந்து வேலைகளின் கனம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கையில் வருவதால், எது தடுக்கியது என்று கை சொல்லாது. தட்டு ஒரு மயிரிழை முந்தியோ பிந்தியோ நின்றாலும் பிரைமர் சாய்ந்து உட்காரும். அதை அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பதுதான் மிக ஆபத்தான காரியம். பிரைமர் அடிபட்டால் வெடிக்கும் பொருள். குழாயில் அடுக்கிய பிரைமர்களில் ஒன்று வெடித்தால் மற்றவையும் தொடர்ந்து வெடிக்கலாம். தடுக்கினால் நிறுத்திவிட்டு, தட்டில் இருக்கும் எல்லாக் கூடுகளையும் எடுத்துவிட வேண்டும். பாதியில் விட்ட கூட்டில் மருந்து விழுந்ததா இல்லையா என்று ஞாபகத்தை நம்பித் தொடரக் கூடாது. மருந்தே விழாத தோட்டாவில் குண்டு குழலுக்குள் நடுவழியில் நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். இரண்டு முறை மருந்து விழுந்ததோ சுட்ட மாத்திரத்தில் துப்பாக்கியைச் சிதறடிக்கலாம்.

என் 41ஆவது கூட்டுக்கு வருகிறேன். பெரியவர் டையைக் கழற்றி வைஸில் தலைகீழாகப் பிடித்தார். பிரைமர் தள்ளும் ஊசித்தண்டை முடிந்தவரை பின்னால் இழுத்துக்கொண்டார். பிரைமர் குழி வழியாக டிரில் விட்டு, கால் அங்குல டேப்பால் மரை வெட்டினார். அதன் மேல் ஒரு குட்டிக் குழாய்த் துண்டு, வாஷர், போல்ட். ஸ்பானரை இறுக்க இறுக்க, பித்தளை கிறீச்சிட்டுக்கொண்டே நூலிழை நூலிழையாக வெளியே வந்தது. காலிக் கூடு, உயிருள்ள பிரைமர் இல்லாதது என்பதால்தான் இதைச் செய்ய முடிந்தது.

காரணம் மேசையிலேயே இருந்தது. கம்பளிக் கொழுப்பும் ஆல்கஹாலும் கலந்த மசகைத் தட்டின் மேல் தெளித்திருந்தேன். ஆல்கஹால் ஆவியாகிப் படலம் படியக் காத்திருக்கவில்லை. மசகு மேல் வரிசைகளில் மட்டும் பட்டதால், ஓரத்தில் உருண்டு கிடந்த ஒரு வரிசை நனையாமலேயே இருந்தது. 41ஆவதை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறேன். விரலால் தேய்த்துப் பார்த்தோம். முந்தைய கூடுகள் வழுவழுத்தன; அந்த வரிசைக் கூடுகள் வெறும் பித்தளையாகக் கீச்சிட்டன.

டையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடிபோன்ற உள்சுவரில் தினையளவு ஒரு பொன்னிறப் புள்ளி, பித்தளை உருகி ஒட்டியதுபோல். அதை விட்டுவைத்தால் இனி நுழையும் ஒவ்வொரு கூட்டிலும் நீளக் கோடு கீறும், அந்தக் கீறலில் இன்னும் பித்தளை சேரும் என்றார். குச்சியில் துணி சுற்றி, நைசான பாலிஷ் பேஸ்ட் தடவி, கால் மணி நேரம் சுழற்றினார். கழுவித் துடைத்து மாட்டினோம். 42ஆவது கூட்டுக்கு மசகை என் விரலாலேயே தடவினேன். கைப்பிடி இறங்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த கூட்டை நகத்தால் சுற்றிலும் வருடினேன். எங்கேயும் தடுக்கவில்லை.